பிங்க் கார்டைத் திருப்பிக் கொடுத்த கதை

அத்தையின் கட்டைவிரல் மிஷினில் விழவே இல்லை.

கேரளத்தில் முதியோர், விதவைகள் போன்றவர்களுக்கு அரசு தரும் க்ஷேமப் பென்சன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை விரல்ரேகை வைத்து, இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று காட்ட வேண்டும். அதற்கு மஸ்டரிங் என்று பெயர். 30 ரூபாய் கட்டணம். அத்தையைப் பைக்கில் உட்காரவைத்துச் சேவை மையத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். எங்களுக்குப் பின்னால் ஒரு நாற்பது பேர். வலது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாயிற்று. பையன் ஈரத்துணி கொடுத்தான். அதுவும் பலிக்கவில்லை. “பாட்டி, விரலைத் தலைமுடியில தேய்ச்சிட்டு வைங்க, எண்ணெய்ப் பசை பிடிச்சா எடுக்கும்” என்றான். அத்தை தலையில் தேய்த்துக்கொண்டு வைத்தார். சிவப்பு விளக்குதான் வந்தது.

“ஏனுங் தம்பி, புல்லறுத்துப் புல்லறுத்து ரேகையெல்லாம் போயிருச்சு. ஆளு எதுக்கால நிக்கறனே, அது பத்தாதா?”

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கடைசியில் இடது கை மோதிர விரல் விழுந்தது. அத்தை அந்த விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தார், இத்தனை வருஷம் இது கூடவேதான் இருந்ததா என்பதுபோல.

அன்றைக்கே கோயமுத்தூரில் டீக்கடையில் ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “தொழில் டல்லா கிடக்கு, வரி வசூல் இல்லை, இப்படியே எல்லாருக்கும் குடுத்துக்கிட்டே இருந்தா எங்க போய் முடியும்? ஜனங்க சொந்தக் கால்ல நிக்கப் பழக வேண்டாமா?” என்றார். பதில் சொல்ல வாயெடுத்தேன், சரியாக வரவில்லை. அவர் சொன்னதில் பாதி எனக்கும் சரி என்று படுகிறது. மீதிப் பாதிதான் இடிக்கிறது. எங்கே இடிக்கிறது என்று தேடித்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். கொழிஞ்சாம்பாறையில் பஸ் இறங்க வேண்டும். எருத்தேம்பதி, வடகரப்பதி என்று பஞ்சாயத்துகளின் பெயரைச் சொன்னாலே தமிழ் காதில் விழும். கடையில் தமிழ், ஆபீஸ் பாரத்தில் மலையாளம். பாலக்காடு என்றதும் பச்சை வயலும் பனைமரமும் நினைவுக்கு வருகிறவர்கள் இங்கே வந்தால் ஏமாந்துபோவார்கள். மழை மறைவுப் பூமி இது. ஆளியாற்றுத் தண்ணீர் மணக்கடவு வழியாக வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. சித்தூருக்கு வர வேண்டும் என்று பரம்பிக்குளம்-ஆளியாறு ஒப்பந்தத்தில் இருக்கிறது. வந்தால் தென்னை தப்பிக்கும். வராத வருஷம் ஆழ்குழாய்க்காரனுக்கு வேலை.

அத்தை இளவயதில் கரும்பு வெட்டப் போனவர். மேனோன்பாறையில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருந்தது. அது மூடியது, கரும்பும் போனது, கரும்பு வெட்டுகிற கூலியும் போனது. மாமா இறந்ததும் அதே சமயத்தில்தான். நிலம் என்று வீட்டைச் சுற்றி இருபது சென்ட். 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டம் நாட்டில் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது கேரளத்தில் எடுத்துக்கொண்ட இரண்டே மாவட்டங்களில் பாலக்காடும் ஒன்று. இன்னொன்று வயநாடு. எங்கள் ஊர்ப் பெண்கள் அதைத் தொழிலுறப்பு என்று மலையாளத்திலேயே சொல்வார்கள். கேரளத்தில் இந்த வேலைக்குப் போகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அத்தை முதல் வருஷத்திலேயே சேர்ந்துவிட்டார்.

இனி கணக்கு. நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024-25ஐ எடுத்துக்கொள்வோம். பென்சன் மாதம் 1,600, வருஷத்துக்கு 19,200. தொழிலுறப்பில் கேரளத்துக் கூலி அந்த வருஷம் நாளொன்றுக்கு 346 ரூபாய். அத்தைக்குக் கிடைத்தது எழுபது நாள், ஆக 24,220. அப்புறம் மாடு. கறக்கிற மாடு ஒன்று, கிடாரி ஒன்று. காலையும் மாலையும் சேர்த்து எட்டு லிட்டர். பால் சங்கத்தில் கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) பார்த்து லிட்டருக்கு 43 ரூபாய் மாதிரி விழும், ஒரு நாளைக்கு 344. அதில் தீவனமும் வைக்கோலும் 180 ரூபாயைத் தின்றுவிடும். மிச்சம் 164. முந்நூறு நாள் கறவை என்று வைத்தால் 49,200. வறட்டு மாதத் தீனி, சினை ஊசி, டாக்டர் செலவு கழித்தால் கிட்டத்தட்ட 40,000 நிற்கும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருக்கிற அத்தையின் கூலியை இதில் எங்கேயும் போடவில்லை. போட்டால் மாடு நஷ்டக் கணக்கில் போய் நிற்கும்.

ஆக, பாதிக்கு மேல் அரசாங்கப் பணம். நண்பரின் பாஷையில் சொன்னால் அத்தை அரசாங்கத்தை நம்பி வாழ்கிறவர். ஆனால் அந்த மாடு எங்கிருந்து வந்தது? எப்போதோ பாக்கியாக நின்ற பென்சன் மொத்தமாகக் கைக்கு வந்தபோது அதைத் தொடாமல் வைத்து, அயல்கூட்டம் என்கிற அக்கம்பக்கத்துப் பெண்களின் சேமிப்புக் குழுவில் எடுத்த கடனையும் சேர்த்து வாங்கிய கன்று. தொழுவம் தொழிலுறப்புத் திட்டத்தில் போட்டுக் கொடுத்தது; குடும்பத் தலைவி பெண்ணாக இருந்தால் அதற்கு வழி உண்டு. வாய்க்கால் ஓரம் நட்டிருக்கிற கோ-4 புல்லின் கரணை மட்டும் நான் கோயமுத்தூர் விவசாயப் பல்கலைக்கழகத்துப் பக்கமிருந்து சாக்கில் கட்டிக்கொண்டு வந்தது. எந்தப் பணத்தில் எது விளைந்தது என்று பிரிக்கப் பார்த்தால் பாலில் தண்ணீரைப் பிரிக்கிற கதைதான்.

2023 கடைசியில் பென்சன் நின்றது. 2024 தொடக்கத்தில் ஐந்தாறு மாதப் பாக்கி ஆகிவிட்டது. 2018இல் பென்சனை மாதாமாதம் கொடுக்கவென்றே மாநில அரசு ஒரு கம்பெனி தொடங்கிக் கடன் வாங்கிக் கொடுத்து வந்தது. அந்தக் கடனும் மாநிலத்தின் கடன்தான் என்று மத்திய அரசு கணக்கில் சேர்த்தது, கடன் வரம்பு சுருங்கியது, வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. பெட்ரோல், டீசலில் லிட்டருக்கு இரண்டு ரூபாய் செஸ் போட்டது அதற்கு முன்னால், 2023 ஏப்ரலில். பென்சனுக்கு என்று சொல்லித்தான் போட்டார்கள். இடுக்கி மாவட்டம் அடிமாலியில் இரண்டு மூதாட்டிகள் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் பிச்சைக்கு இறங்கியது அந்த நவம்பரில்தான். பேப்பரில் படம் வந்தது. அத்தையிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். “அவியளுக்கு மாடு இல்லையாட்டிருக்குது” என்றார்.

செஸ் விஷயத்தில் ஒரு வெட்கக்கேடான உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பைக் வைத்திருக்கிற யாரும் கேரளத்தில் பெட்ரோல் போடுவதில்லை. வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு, லிட்டருக்கு நாலைந்து ரூபாய் குறைவு. பொள்ளாச்சிப் பக்கம் போகிறவர்கள் கோபாலபுரம் தாண்டிப் போடுவார்கள். எங்கள் வீட்டுக் கிழவிகளுக்குப் பென்சன் கொடுக்க திருவனந்தபுரத்துக்காரனும் திருச்சூர்க்காரனும் செஸ் கட்டுகிறார்கள். நாங்கள் டேங்க்கை அந்தப் பக்கம் நிரப்பிக்கொண்டு வந்து, பென்சன் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கிறோம்.

சரி, அந்த ஆறு மாதத்தில் அத்தை என்ன செய்தார்? வைக்கோல் போரைப் பார்த்ததும் “இது சித்திரை வரைக்கும் தாங்கும்” என்று சொல்கிற பழக்கம் அவருக்கு உண்டு. அதே கண்ணோடுதான் வீட்டையும் பார்ப்பார். பால் பணம் வாரம் ஒருமுறை வந்தது. அயல்கூட்டத்தில் வாராவாரம் போட்டுவந்த சேமிப்பில் கொஞ்சம் திருப்பி எடுத்தார். வீட்டைச் சுற்றி முருங்கை, சுண்டைக்காய், நாலு கோழி. மாத்திரைச் செலவுக்கு மட்டும் என்னிடம் கேட்டார், அதுவும் பால் கணக்கில் கழித்துக்கொள்ளச் சொன்னார். நான் பால் வாங்குவதே இல்லை என்பது வேறு விஷயம். பென்சன் இல்லாமல் அந்த வீடு ஆறு மாதம் தாங்கியது. அதற்கு ஒரு வருஷம் முன்னால் ஊரில் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் வந்து கறவை பாதியாகக் குறைந்தபோது, அதே வீடு பென்சனை வைத்துத் தாங்கியது. வாங்குகிறாரா இல்லையா என்பதைவிட, ஒன்று நின்றால் இன்னொன்று எத்தனை நாள் இழுக்கும் என்று கேட்டால்தான் யார் யாரை நம்பி வாழ்கிறார் என்பது தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை இன்னும் தெளிவாகக் காட்டியவர் எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருக்கிற ஓர் அக்கா. அவர் அரசாங்கத்திடம் ஒன்றும் வாங்குவதில்லை. முன்னுரிமை இல்லாத வெள்ளை ரேஷன் கார்டு. வீட்டுக்காரர் கோயமுத்தூரில் ஃபவுண்டரி வேலை. தொழிலுறப்புக்குப் போனால் கௌரவக் குறைச்சல் என்று அவர் அனுப்பவில்லை. நண்பர் தேடுகிற சொந்தக் காலில் நிற்கிற குடும்பம் அதுதான். ஃபவுண்டரியில் ஆர்டர் குறைந்து வாரத்துக்கு நாலு நாள் வேலை என்று ஆனதும் அக்கா குழுக்கடன் வாங்கினார். ஒரு கம்பெனியின் தவணையைக் கட்ட இன்னொரு கம்பெனி, அதைக் கட்ட மூன்றாவது. வட்டி இருபத்துநாலு சதவீதத்துக்குப் பக்கம். செவ்வாய் ஒருவன், வியாழன் ஒருவன், சனி ஒருவன் என்று பைக்கில் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள். பணம் வைக்கும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். சனிக்கிழமைக் காலையில் அந்த வீட்டுக் கதவு பூட்டியே இருக்கும்; உள்ளே டி.வி. சத்தம் கேட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அதையும் அணைத்துவிட்டுக் குழந்தைகளோடு உட்கார்ந்திருப்பார்.

ஒரு வீட்டின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து அந்த வீட்டின் வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டிருக்கிறது. அந்த வருமானத்தைத் திண்ணையில் வைத்துக் கேட்டு எழுதிக்கொள்கிறவன் கடன் கொடுக்க வந்தவனேதான். அரசாங்கக் கையைப் பிடிக்காதவர் இன்னொரு கையைப் பிடித்திருக்கிறார். இது மாதம் கழித்து அல்ல, வாரம் தவறாமல் வருகிற கை.

இதற்கு மருந்து மாதிரி ஒன்று எங்கள் மாவட்டத்திலேயே பிறந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ‘முற்றத்து முல்லை’ என்று 2018இல் பாலக்காட்டில்தான் தொடங்கினார்கள். கூட்டுறவு வங்கி, மாநில அரசின் பெண்கள் திட்டமான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டத்திடம் பணம் கொடுக்கும், கூட்டம் உறுப்பினருக்கு 12 சதவீத வட்டிக்குக் கொடுத்து வாராவாரம் வாசலிலேயே வசூலிக்கும். வட்டிக்காரன் செய்வதும் அதேதான். ஆனால் வசூலிக்க வருகிறவர் பக்கத்து வீட்டுக்காரி, வட்டி பாதி. அத்தை இதில் வாங்கித்தான் ஒரு புல்வெட்டும் மிஷின் போட்டார். குடும்பஸ்ரீ 1998இல் தொடங்கியதிலிருந்து செய்த பெரிய காரியம் எது என்று கேட்டால் பலரும் ஊறுகாயும் ஓட்டலும் சொல்வார்கள். நான் பத்து இருபது பெண்கள் வாராவாரம் உட்கார்ந்து பத்து ரூபாய் எண்ணுகிற அந்தப் பழக்கத்தைச் சொல்வேன். அத்தையின் பாஸ் புத்தகத்தைப் பார்த்திருக்கிறேன். எழுத்து மலையாளம், பக்கத்தில் அத்தை தனக்கு மட்டும் புரிகிற மாதிரி பென்சிலில் போட்ட கோடுகள். கட்டாத வாரத்துக்கு ஒரு சுழி. பதினாறு வருஷத்துச் சுழிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஓட்டல் என்றதும் நினைவு வருகிறது. கொரோனா காலத்தில் ‘ஜனகீய ஓட்டல்’ என்று 20 ரூபாய்க்குச் சாப்பாடு. குடும்பஸ்ரீப் பெண்கள் நடத்தினார்கள், அரசு சாப்பாட்டுக்குப் பத்து ரூபாய் மானியம் கொடுத்தது. ஆயிரத்துக்கு மேல் ஓட்டல்கள் வந்தன. 2023 ஆகஸ்டில் மானியத்தை நிறுத்தி விலையை 30 ஆக்கிக்கொள்ளச் சொன்னார்கள். வாடிக்கையும் வேறு வருமானமும் சேர்த்து வைத்திருந்த கடைகளுக்கு அது அடி, ஆனால் அடுப்பு அணையவில்லை. மானியச் சோறு ஒன்றையே நம்பி இருந்த கடைகளில் பல, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தன. அதைச் சொல்லி ‘மானியம் கெடுத்தது’ என்கிறார்கள் சிலர். நிறுத்துகிற தேதியை ஒரு வருஷம் முன்னால் சொல்லியிருந்தால் எத்தனை கடை பிழைத்திருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

இனி எங்கள் வீட்டுக் கதை. தலைப்புக்கு இதுவரை வராமல் சுற்றியதற்குக் காரணம் உண்டு, அப்பா இதைப் படிப்பார்.

கேரளத்தில் ரேஷன் கார்டுக்கு நாலு நிறம். மஞ்சள், பிங்க், நீலம், வெள்ளை. முதல் இரண்டும் முன்னுரிமைக் கார்டு. அரிசி மட்டும் இல்லை, அரசு ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்து எங்கே போனாலும் முதலில் நிறத்தைத்தான் கேட்பார்கள். எங்களுடையது பிங்க். தம்பிக்குத் திருப்பூரில் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நல்ல வேலை கிடைத்தது. ஓட்டு வீட்டைப் பிரித்து வார்ப்பு வீடு கட்டினோம். அளந்தால் 1,140 சதுர அடி. முன்னுரிமைக்கு வரம்பு 1,000. ஒரு ஏக்கருக்கு மேல் நிலமோ, சொந்த உபயோகத்துக்குக் காரோ, மாதம் 25,000க்கு மேல் வருமானமோ இருந்தாலும் கிடையாது. 2022இல் தகுதியில்லாமல் கார்டு வைத்திருப்பவர்களைப் பிடிக்க ‘ஆபரேஷன் யெல்லோ’ என்று இறங்கினார்கள். அதுவரை வாங்கிய அரிசிக்கு வெளிச்சந்தை விலை போட்டுப் பிடிப்பார்கள் என்று பேச்சு. ஊரில் பலர் அளவு டேப்பைக் கண்டாலே வாசலைச் சாத்தினார்கள்.

அப்பா சாத்தவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போய்க் கார்டைக் கொடுத்துவிட்டு வந்தார். “நமக்கு வேண்டாம் கண்ணு. வேண்டியவனுக்குப் போகட்டும்” என்றார். அன்றைக்கு எங்களுக்கெல்லாம் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. பொங்கலுக்கு வந்த பெரியப்பா மட்டும், “குடுக்கறது சுலபம் தம்பி. நாளைக்கு வேணும்னா அதே ஜன்னல்ல நின்னு பாரு” என்றார். அப்பா அந்தப் பேச்சை ரசிக்கவில்லை.

2025 ஆகஸ்டு கடைசியில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. திருப்பூரில் அமெரிக்க ஆர்டரை நம்பி இருந்த யூனிட்டுகளில் மிஷின் நின்றது. தம்பிக்கு வாரத்துக்கு மூன்று ஷிப்ட், அப்புறம் இரண்டு, அப்புறம் ‘சொல்லி அனுப்புறோம்’. அக்டோபரில் மனைவி குழந்தையோடு ஊருக்கே வந்துவிட்டான். வீட்டில் ஏழு பேர். வருமானம் என் சம்பளம், அப்பாவின் பத்துப் பன்னிரண்டு தென்னை.

பிங்க் கார்டைத் திரும்பக் கேட்டுத் தாலுகா ஆபீஸ், சேவை மையம் என்று அலைந்த கதை வேண்டாம். சொல்லவேண்டியது இவ்வளவுதான்: வேலை போய்விட்டது, வீடு இன்னும் 1,140 அடிதான். முன்னுரிமை கேட்டு மனுப் போடலாம், குறிப்பிட்ட நாட்களில் ஆன்லைனில் எடுப்பார்கள். ஆனால் மனுவில் சதுர அடி கேட்கிறது, அடுப்பில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. “பின்பக்கத்து ரூமை இடிச்சுட்டா ஆயிரத்துக்குள்ள வந்துருமாப்பா?” என்று தம்பி கேட்டான். விளையாட்டுக்குத்தான் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

அதே மாதக் கடைசியில் மாநில அரசு, பிங்க், மஞ்சள் கார்டு வீடுகளில் வேறு பென்சன் வாங்காத 35 முதல் 60 வயதுப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று அறிவித்தது. அம்மா அப்பாவைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அப்பா எழுந்து தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். அன்றைக்குக் கரண்டு இல்லை, மோட்டார் ஓடாது என்று எல்லோருக்கும் தெரியும்.

நண்பரிடம் அன்றைக்குச் சொல்ல வராத பதில் இதுதான். ஜனங்கள் அரசாங்க உதவியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது சோம்பலால் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எங்கள் தெருவில் நான் பார்த்த வரையில் அது பயம். விட்டால் திரும்பக் கிடைக்காது என்ற பயம். வெளியே போகிற கதவு அகலமாகத் திறந்திருக்கிறது, உள்ளே வருகிற கதவுக்குச் சாவி யாரிடம் என்றே தெரியவில்லை. காலம் கெட்டுக் கிடக்கும்போது எவன் துணிந்து வெளியே போவான்? அப்பாவைப் பார்த்த பிறகு எங்கள் தெருவில் இனி ஒருவரும் கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.

கதவு இரண்டு பக்கமும் திறந்திருந்தால் என்ன ஆகும் என்று பார்க்க நூறு நாள் வேலையைப் பாருங்கள். கேட்டால் வேலை, கேட்காவிட்டால் இல்லை. நிறம் பார்ப்பதில்லை, சதுர அடி பார்ப்பதில்லை. வெயிலில் மண் சுமக்கத் தயாரா என்பதுதான் தகுதி. நாடு முழுக்க 2019-20இல் சுமார் 265 கோடி மனித நாட்கள் வேலை நடந்தது. கொரோனா வந்த 2020-21இல் அது 389 கோடி ஆனது. 2022-23இல் மறுபடியும் 300 கோடிக்குக் கீழே இறங்கிவிட்டது. யாரும் விரட்டவில்லை, அளவு டேப்போடு யாரும் வரவில்லை. வெளியே கூலி கிடைத்ததும் தாங்களாகவே போய்விட்டார்கள், அடுத்த முறை வேண்டுமென்றால் வரலாம் என்று தெரிந்திருந்ததால். கூலி தாமதம், போட்டோ வருகைப் பதிவு, வேலையை மேற்பார்க்கிற ‘மேட்’டுக்கு வேண்டியவர்கள் வேண்டாதவர்கள் என்று அதிலும் ஆயிரம் குறை உண்டு. இப்போது சட்டத்தையே மாற்றி, பெயரையும் மாற்றி, 125 நாள் என்கிறார்கள். விவசாய வேலை மும்முரமாக இருக்கிற காலத்தில் வருஷத்துக்கு 60 நாள் வரை நிறுத்திவைக்கலாம், செலவில் 40 சதவீதம் பெரும்பாலான மாநிலங்கள் போட வேண்டும். பென்சனுக்கே கடன் வாங்குகிற மாநிலம் அந்த நாற்பதை எங்கிருந்து போடும், போடாவிட்டால் கேட்டதும் வேலை என்பது என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

என் சொந்த அக்கா கோபாலபுரம் தாண்டி, பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்கிறார். வார்ப்பு வீடுதான், எங்களுடையதைவிடப் பெரிது. தமிழ்நாட்டில் அரிசிக் கார்டு யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், 2011 ஜூனிலிருந்து மாதம் 20 கிலோ வரை அரிசி இலவசம். அக்கா நல்ல காலத்தில் அதை வாங்குவதில்லை, ஆட்டுக்காரிக்கு வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுவார். மச்சான் லாரி ஓடாமல் நின்ற மாதங்களில் தானே போய் வரிசையில் நின்றார். கேவலமாகவும் இல்லை, மனுவும் இல்லை. அந்த அரிசி கடத்தல் மூட்டையாகி எங்கள் ஊருக்கே வந்து விற்கிறது என்பதும் எனக்குத் தெரியும், செக்போஸ்டில் பிடிபடுகிற செய்தி மாதம் ஒன்றாவது வரும். எல்லோருக்கும் கொடுத்தால் ஒழுகும். அளந்து கொடுத்தால் அப்பா மாதிரி ஆட்கள் வெளியே நிற்பார்கள். இரண்டில் எந்தத் தப்பு மேல் என்றால், பொருளாதாரம் படுத்துக் கிடக்கிற வருஷத்தில் நான் ஒழுகுகிற பக்கம் நிற்பேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அத்தையின் மாட்டைக் காட்டி ‘பாருங்கள், உழைத்தால் முடியும்’ என்று யாராவது கிளம்பினால் எனக்குக் கோபம் வரும். மேற்குத் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது, பிள்ளைகள் இல்லை, ஒரு கண் தெரியாது. அவருக்கு மாடு கொடுத்தால் மாட்டுக்கும் கஷ்டம், அவருக்கும் கஷ்டம். பென்சன் நின்ற அந்த மாதங்களில் அவர் வீட்டுக்கு அத்தைதான் தினம் ஒரு சொம்பு பால் அனுப்பினார். அயல்கூட்டத்துப் பெண்கள் முறை வைத்துச் சோறு கொடுத்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டி அந்த மாதங்களில் மெலிந்துபோனார் என்பதையும் நான் பார்த்தேன். சோறு கொண்டுவருகிறவர்களிடம் உப்பு கேட்கக் கூச்சம். பென்சன் காசில் வாங்கிய உப்பென்றால் யாரிடமும் கேட்க வேண்டாம்.

2025 நவம்பரிலிருந்து பென்சனை 2,000 ஆக்கிவிட்டார்கள். பழைய பாக்கியும் தவணை தவணையாக வந்து சேர்ந்தது. கூட்டுறவு சொசைட்டி ஆள் வீட்டுக்கே வந்து எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நான் ஊரில் இருந்தேன். அத்தை நோட்டுகளை இரண்டு முறை எண்ணி, பாதியைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டார், கொஞ்சம் தீவனத்துக்கு என்று முந்தானையில் முடிந்தார். கிடாரி சினை பிடித்திருக்கிறது, வைகாசியில் ஈனும். அப்புறம் என்னைக் கூப்பிட்டு இருநூறு ரூபாயைக் கையில் திணித்தார்.

“எதுக்குங்கத்தை?”

“பெட்ரோலுக்கு. போன வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனயில்ல.”

“அதெல்லாம் வேண்டாங்கத்தை.”

“வெச்சுக்க சாமி. ஆனா அந்தாண்ட போய்ப் போடாதே. இங்கயே போடு. ரெண்டு ரூபா நமக்குத்தான் வருதாமல்ல.”

இதை அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, நானேதான் எப்போதோ சொல்லியிருப்பேன். சாயங்காலம் கோயமுத்தூருக்குக் கிளம்பினேன். வேலந்தாவளம் வரை தாராளமாகப் போகிற அளவுக்கு டேங்க்கில் இருந்தது. கொழிஞ்சாம்பாறை பங்க்கில் வண்டியை நிறுத்தினேன். பையன் என் முகத்தைப் பார்த்து, “வண்டி வழியில நின்னுருச்சாங்கண்ணா?” என்றான்.